பெயர் அலகாகிப்போன விவசாயி மகன்: எமில் பாடோ

அறிவியல் பாடத்தில் நாம் மனனம் செய்யும் அலகுகளில் பல, மனிதர்களின் பெயர்கள். விசைக்கு நியூட்டன், திறனுக்கு வாட், மின்னழுத்தத்துக்கு வோல்ட், அதிர்வெண்ணுக்கு ஹெர்ட்ஸ். எஸ்.பி.எம். தேர்வுக்கு இயற்பியல் படித்த எவருக்கும் இவை தெரியும். கணினியுடன் ஒரு கருவியைக் கம்பி வழியாக இணைப்பவர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் இன்னோர் அலகும் உண்டு. அதன் பெயர் பாட். அந்தப் பெயருக்குரிய மனிதரைப் பற்றி நான் படித்த பள்ளிப் பாடநூல்களில் ஒரு வரிகூட இருந்ததில்லை.

நான் செந்தூலில் வளர்ந்தவன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. நாங்கள் நால்வர் சேர்ந்து, டியூஷன் வகுப்புக்கு ஒரு வருகைப் பதிவுக் கருவியைத் திட்டப்பணியாகச் செய்தோம். மாணவர் தம் அட்டையைக் கருவியின் அருகே காட்டினால் போதும். கணினியில் அவருடைய பெயரும் நேரமும் பதிவாகிவிடும். ஆர்.எஃப்.ஐ.டி. எனப்படும் இந்தத் தொழில்நுட்பம் நமக்குப் புதிதல்ல. செந்தூல் எல்.ஆர்.டி. நிலையத்தின் நுழைவாயிலில் டச் அண்ட் கோ அட்டையைத் தட்டும்போது நடப்பதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அட்டைக்கும் கருவிக்கும் இடையே வானலை போகிறது. எங்கள் கருவியின் அதிர்வெண் 125 கிலோஹெர்ட்ஸ். அட்டையில் பேட்டரி கிடையாது. கருவி உண்டாக்கும் காந்தப் புலத்திலிருந்தே அது தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. இதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் வியக்கிறார்கள். ஆனால் கருவி அந்த எண்ணைக் கணினிக்கு எப்படிச் சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டாவது பயணம் ஒரு கம்பியில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிட்டாக, வரிசையாக நடக்கிறது. அதனால்தான் அதை வரிசைமுறைத் தொடர்பு என்கிறோம். அதற்கான நிரலின் தொடக்கத்தில் நாம் எழுதவேண்டியது பாட் வேகம். எங்கள் கருவிக்கு அது 9600.

அந்தச் சொல்லைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது எமில் பாடோ என்ற பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கை. நம் வயதில் உள்ளவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது.

ஆரம்பக் கல்வியோடு நின்றவர்

ஷான் மோரிஸ் எமில் பாடோ 1845 செப்டம்பர் 11 அன்று, பிரான்சின் வடகிழக்கில் உள்ள மான்யோ என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை விவசாயி. ஊர் ஆரம்பப் பள்ளியில் படித்ததோடு எமிலின் முறையான கல்வி முடிந்தது. உயர்நிலைப் பள்ளியும் இல்லை, கல்லூரியும் இல்லை. தந்தையோடு நிலத்தில் உழைத்தார்.

1869-இல், 24 வயதை எட்டும் நிலையில், பிரான்சின் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். இன்று நம்மில் பலர் பட்டப்படிப்பை முடிக்கும் வயதில் அவர் பயிற்சி ஊழியராக முதல் படியில் நின்றார். துறை அவருக்கு மோர்ஸ் கருவியை இயக்கக் கற்றுக்கொடுத்தது. பிறகு ஹியூஸ் என்பவர் உருவாக்கிய அச்சிடும் தந்திக் கருவியில் நான்கு மாதப் பயிற்சி கொடுத்தது. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது சிறிது காலம் படையில் பணியாற்றினார். 1872-இல் பாரிசுக்குத் திரும்பி மீண்டும் தந்தி வேலையில் அமர்ந்தார்.

அன்றைய தந்தித் துறையின் தலைவலியை அவர் தினமும் கண்முன்னே பார்த்தார். கம்பி இழுப்பதற்கு ஏராளமான செலவு. ஆனால் ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் செய்தி அனுப்ப முடியும். மனிதக் கை எவ்வளவு வேகமாகத் தட்டினாலும், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே அந்த விலையுயர்ந்த கம்பி சும்மா கிடந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. மோர்ஸ் குறியீட்டில் ஒரு எழுத்துக்கு ஒரு புள்ளி, இன்னொரு எழுத்துக்கு நான்கு குறிகள் என நீளம் மாறிக்கொண்டே இருக்கும. பழகிய காதுக்கு அது புரியும்; இயந்திரத்துக்குப் புரியவைப்பது கடினம்.

மூன்று பேரிடமிருந்து ஒரு கருவி

பாடோவின் சாதனையை விளங்கிக்கொள்ள, அவர் வருவதற்கு முன்பே என்னென்ன இருந்தன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செய்தியை எழுத்தாகவே காகித நாடாவில் அச்சிடும் கருவியை ஹியூஸ் செய்திருந்தார். ஒரு கம்பியைப் பலருக்கு முறைவைத்துப் பகிர்ந்து கொடுக்கும் சுழல் அமைப்பை 1871-இல் பெர்னார் மேயர் செய்திருந்தார். ஐந்து அலகுகளைக் கொண்டு எல்லா எழுத்துகளையும் குறிக்கலாம் என்பதை ஜெர்மனியின் காஸ், வெபர் ஆகிய அறிஞர்கள் அதற்கு முன்பே காட்டியிருந்தார்கள்.

இந்த மூன்றும் தனித்தனியே கிடந்தன. அவற்றை ஒன்றாக இணைத்து வேலை செய்யும் ஒரே கருவியாக்கியவர் பாடோ. 1874 ஜூன் 17 அன்று தம் முதல் காப்புரிமையைப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 28. அலுவலக வேலை முடிந்த பிறகு, சொந்த நேரத்தில் செய்த ஆராய்ச்சி அது.

அவருடைய குறியீட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் சரியாக ஐந்து இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் மின்சாரம் இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்கும். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. பிரெஞ்சு எழுத்துகளுக்கு இது போதும். எண்களுக்கு என்ன செய்வது? அதற்கு ஒரு மாற்றுக் குறியை வைத்தார். அதை அழுத்திய பிறகு வரும் குறியீடுகள் எண்களாகவும் குறிகளாகவும் பொருள் கொள்ளப்படும். நம் விசைப்பலகையில் இருக்கும் ஷிஃப்ட் விசையின் வேலையை 32 இடங்களுக்குள் செய்து முடித்தார்.

அவருடைய விசைப்பலகையில் ஐந்தே விசைகள். இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. எழுத்துக்கு ஏற்ப, வேண்டிய விசைகளை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். இதில் தமிழ் படித்தவர்களுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி உண்டு. உயிரெழுத்துகளுக்கான குறியீடுகள் அனைத்தையும் வலக்கையின் மூன்று விசைகளிலேயே அடக்கினார். மெய்யெழுத்து என்றால் இடக்கையும் சேரவேண்டும். இயக்குபவர் எளிதில் நினைவில் வைத்துக்கொள்ள இந்த ஒழுங்கு உதவியது.

முறைவைத்து ஓடிய கம்பி

இனி அந்தச் சுழல் அமைப்பைப் பார்ப்போம். வட்டமான தட்டு ஒன்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, அதன்மேல் ஒரு தூரிகை சுழலும்படி செய்திருந்தார்கள். தூரிகை எந்தப் பகுதியைத் தொடுகிறதோ அந்தப் பகுதிக்குரிய விசை அந்த நொடியில் கம்பியோடு இணைகிறது. முதல் இயக்குநரின் ஐந்து விசைகளைத் தொட்டபின் இரண்டாமவரின் ஐந்து, அடுத்து மூன்றாமவர், நான்காமவர், மீண்டும் முதலாமவர். இப்படி நான்கு பேர் ஒரே கம்பியில் நான்கு செய்திகளை அனுப்பலாம். மறுமுனையிலும் அதே போன்ற தட்டு, அதே வேகத்தில் சுழலும் தூரிகை. அங்கே வந்து சேரும் மின்குறிகள் பிரிக்கப்பட்டு, நான்கு தனித்தனி நாடாக்களில் எழுத்தாக அச்சாகும்.

இந்த ஏற்பாட்டின் உயிர், தாளம். இரண்டு முனைகளிலும் தூரிகைகள் ஒரே வேகத்தில் சுழலவேண்டும். வேகம் பிசகினால் ஒருவருடைய எழுத்து இன்னொருவருடைய நாடாவில் போய் விழும். அதனால் இரண்டையும் இணங்கவைக்க ஒரு திருத்தக் குறியையும் பாடோ சேர்த்திருந்தார். இயக்குபவரும் அந்தத் தாளத்துக்குக் கட்டுப்பட்டவரே. தம் முறை வரும்போது கருவி எழுப்பும் ஒலியைக் கேட்டு அடுத்த எழுத்தை அழுத்தவேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 30 சொற்கள் என்ற சீரான வேகம். அதாவது வினாடிக்கு ஏறக்குறைய மூன்று எழுத்துகள்.

இப்போது எங்கள் அட்டைக் கருவிக்கு வருவோம். ஓர் அட்டையைக் காட்டினால் அது கணினிக்கு 14 எழுத்துகளை அனுப்புகிறது. தொடங்குகிறேன் என்பதற்கு ஒன்று, அட்டை எண்ணுக்குப் பத்து, எண் வழியில் கெடவில்லை என்று சரிபார்க்க இரண்டு, முடித்துவிட்டேன் என்பதற்கு ஒன்று. ஒவ்வோர் எழுத்துக்கும் எட்டு பிட். முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு நிறுத்த பிட். ஆக எழுத்துக்குப் பத்து பிட், மொத்தம் 140 பிட். வினாடிக்கு 9600 என்ற வேகத்தில் இவை போய்ச் சேர ஏறக்குறைய 15 மில்லி வினாடி போதும்.

இங்கே சுழலும் தூரிகை இல்லை. ஆனால் தாளம் இருக்கிறது. கருவியும் கணினியும் தனித்தனிக் கடிகாரம் வைத்திருக்கின்றன. கம்பியில் கடிகாரம் போவதில்லை. ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோ வினாடி என்று இரண்டும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். தொடக்க பிட்டைக் கண்டதும் கணினி எண்ண ஆரம்பித்து, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கம்பியின் நிலையைப் பார்க்கிறது. கருவி 9600-இல் பேச, கணினி 4800 என்று நினைத்துக் கேட்டால் திரையில் பொருளற்ற குறிகள்தான் வரும். பாடோவின் தூரிகைகளுக்கு இருந்த அதே நிபந்தனை இன்றும் நம் மேசைமேல் இருக்கிறது.

விற்கப்பட்ட தங்கப் பதக்கம்

பிரெஞ்சுத் தந்தித் துறை 1875-இல் பாடோவின் முறையை ஏற்றுக்கொண்டது. 1877 நவம்பர் 12 அன்று பாரிசுக்கும் போர்தோ நகருக்கும் இடையே அது முதன்முதலாகத் தந்திக் கம்பியில் இயக்கிச் சோதிக்கப்பட்டது. அதே ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,700 கிலோமீட்டர் தூரமுள்ள பாரிஸ் – ரோம் தடத்துக்கும் சென்றது. 1878-இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் பாடோவின் கருவிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. உலகத்தின் பார்வை அவர்மேல் விழுந்தது.

ஆனால் பெயர் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. துறையிடமிருந்து அவருக்குக் கிடைத்த உதவி குறைவு. ஆராய்ச்சிக்கு வேண்டிய செலவைப் பெரும்பாலும் தம் கையிலிருந்தே போட்டார். 1880-இல், தமக்குக் கிடைத்த அந்தத் தங்கப் பதக்கத்தையே விற்றுச் செலவழிக்கும் நிலை வந்தது. அதே ஆண்டு அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. 1882-இல் அவரை ஆய்வாளர் பொறியாளராக உயர்த்தினார்கள். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை முடித்த விவசாயி மகன், 37 வயதுக்குள் அரசுத் துறைப் பொறியாளர் ஆனார்.

இந்த வெற்றிக் கதையின் நடுவே ஒரு வழக்கும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. லூயி விக்டர் மிமோ என்ற சக ஊழியரும் ஐந்து அலகுக் குறியீட்டில் உழைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குறியீட்டைக் கண்டவர் தாமே என்று 1877-இல் பாடோமீது வழக்குத் தொடுத்தார். பாரிசின் சிவில் நீதிமன்றம் முதலில் மிமோவே முந்தியவர் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இருவருக்குமே நிறைவளிக்கவில்லை. பிறகு அது ரத்தாகி, வழக்குச் செலவு முழுவதையும் மிமோவே ஏற்கவேண்டும் என்றானது. மனம் நொறுங்கிப்போன மிமோ, தம் கோரிக்கைகளை நிராகரித்த குழுவின் தலைவர் ரேனோவைப் பின்னாளில் சுட்டுக் கொன்றார். கடுங்காவல் தண்டனையும் பெற்றார்.

இதைப் படித்தபோது நான் நீண்ட நேரம் யோசித்தேன். ஐந்து அலகு என்ற எண்ணம் காசும் வெபரும் முன்பே கண்டது. அதற்கு உரிமை கேட்டு இருவர் நீதிமன்றம் போனார்கள். வழக்கில் ஒரு தரப்பாக இல்லாத ஒருவர் உயிரிழந்தார். பாடோவின் உண்மையான பங்களிப்பு அந்தக் குறியீடு மட்டுமல்ல. குறியீடு, அச்சு, பகிர்வு ஆகிய மூன்றையும் இணைத்து, நாள் முழுவதும் தளராமல் ஓடும் ஒரு முறையை உருவாக்கினாரே, அதுதான். குழுவாகத் திட்டப்பணி செய்யும் நாமும் இதை மனத்தில் வைக்கவேண்டும். யார் எண்ணம், யார் உழைப்பு, யாரிடமிருந்து எடுத்தது என்பதை முதல் நாளிலிருந்தே எழுதிவைத்தால், கடைசி நாளில் நட்பு முறியாது.

மூன்று மாத இல்வாழ்க்கை

பாடோவின் சொந்த வாழ்க்கையில் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தந்தித் துறையில் சேர்ந்த சில காலத்திலேயே உடல்நலம் கெடத் தொடங்கியது. அடிக்கடி விடுப்பு எடுக்கவேண்டி வந்தது; ஒருமுறை ஒரு மாதம்வரை வேலைக்குப் போக முடியவில்லை. 1890 ஜனவரி 15 அன்று, 44 வயதில், மரி ஜோசஃபின் என்ற பெண்ணை மணந்தார். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 9 அன்று, மனைவி இறந்துபோனார்.

நோயும் தனிமையும் துரத்தியபோதும் அவர் தம் கருவியைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1903 மார்ச் 28 அன்று பாரிசுக்கு அருகே உள்ள சோ என்ற ஊரில், 57 வயதில் காலமானார். தம் பெயர் ஓர் அலகாகும் என்பது அவருக்குத் தெரியாது. அந்த முடிவு 1926-இல்தான் எடுக்கப்பட்டது.

அவருக்குப் பிறகு

நியூசிலாந்தில் பிறந்த டோனல்ட் மர்ரே 1901-இல் பாடோவின் குறியீட்டைத் தட்டச்சு விசைப்பலகைக்கு ஏற்ப மாற்றி அமைத்தார். அதன்பின் இயக்குநர் தாளத்துக்கு அடிமையாக இருக்கவேண்டியதில்லை. விரும்பிய வேகத்தில் தட்டி, துளையிட்ட நாடாவில் சேமித்து அனுப்பலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னும் பின்னும் தொடக்கக் குறி, நிறுத்தக் குறி வைக்கும் முறையும் தொலைதட்டச்சுக் கருவிகளோடு பரவியது. எங்கள் அட்டைக் கருவியில் இருக்கும் தொடக்க பிட்டும் நிறுத்த பிட்டும் அந்த வழியில் வந்தவை. ஒரு காலத்தில் அலுவலகங்களில் இருந்த டெலெக்ஸ் கருவிகள் ஐந்து பிட் குறியீட்டில்தான் பேசின. கருவிகளை வரிசைமுறையில் இணைக்கும் ஆர்.எஸ்.-232 என்ற தரம் 1960-இல் வந்தது. ஏழு பிட் கொண்ட ஆஸ்கி குறியீடு 1963-இல் வந்தது. இன்று யூ.எஸ்.பி. கம்பியைச் செருகினாலும், உள்ளே பல கருவிகள் அந்தப் பழைய முறையிலேயே கணினியோடு பேசுகின்றன.

பாடோவின் கருவிகள் இந்தியத் தந்தித் துறையிலும் வேலை செய்தன. நம் செந்தூலுக்கும் இந்த வரலாறு முற்றிலும் அந்நியமல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே எழுந்த ரயில்வே பட்டறைதான் இந்த ஊரை வளர்த்தது; தமிழர்கள் பலர் அதில் உழைத்தார்கள். தண்டவாளம் போன இடமெல்லாம் தந்திக் கம்பியும் கூடவே போன காலம் அது. நிலையத்துக்கு நிலையம் செய்தி போகாவிட்டால் ரயில் நகராது. பட்டறைத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் இன்று நிரல் எழுதுகிறார்கள் என்றால், அது ஒரு துறையிலிருந்து அந்நியமான இன்னொன்றுக்குத் தாவியதாக நான் நினைக்கவில்லை.

தேர்வுக்கு உதவும் ஒரு குறிப்பையும் சொல்லிவிடுகிறேன். பாட் என்பது வினாடிக்கு எத்தனை பிட் என்பதல்ல; கம்பியில் குறி வினாடிக்கு எத்தனை முறை மாறலாம் என்பது. ஒரு குறி ஒரே பிட்டைச் சுமந்தால் இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும். எங்கள் கருவி அப்படித்தான். பழைய மோடம் ஒன்றில் 600 பாட் வேகத்திலேயே வினாடிக்கு 2400 பிட் போனது. அங்கே ஒரு குறி நான்கு பிட்டைச் சுமந்தது. இந்த வேறுபாட்டைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கடைசியாக, தாளும் பேனாவும் எடுத்து இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். தமிழுக்கு 247 எழுத்துகள். ஐந்து பிட் தருவது 32 இடம். எட்டு பிட் தருவது 256. ஆக, ஓர் எழுத்துக்கு ஓரிடம் என்று வைத்தாலும் எட்டு பிட்டில் நம் எழுத்துகள் அனைத்தும் அடங்கும். இன்றைய யூனிகோட் வேறு வழியில் போகிறது. செந்தூல் என்ற சொல்லை எழுத்தும் குறியுமாகப் பிரித்தால் எட்டு உறுப்புகள் வரும். பரவலாகப் பயன்படும் யூ.டி.எஃப்.-8 முறையில் உறுப்புக்கு மூன்று பைட் வீதம் 24 பைட். தொடக்க, நிறுத்த பிட்டுகளையும் சேர்த்தால் 240 பிட். 9600 பாட் வேகத்தில் அது கம்பியைக் கடக்க 25 மில்லி வினாடி ஆகும். அதே ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்துகளில் பாடோவின் இயக்குநர் ஒருவர் அனுப்பியிருந்தால், ஆறு எழுத்துக்கு இரண்டு வினாடி. உங்கள் பெயருக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 247 எழுத்துகளையும் எட்டு பிட்டில் எந்த வரிசையில் வைத்தால் உயிரும் மெய்யும் எளிதில் பிரியும் என்றும் யோசியுங்கள். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒருவர், வேலை முடிந்த மாலைகளில் உட்கார்ந்து யோசித்ததும் இதே வகைக் கேள்வியைத்தான்.